தென்புலத்தாரும் கப்பல் பட்டியலும்

இறந்துபோன முன்னோருக்கு உயிரோடிருப்பவர் கடன்பட்டிருக்கிறாரா, அந்தக் கடனைத் தீர்ப்பதற்கு அம்முன்னோர் இன்னார் என்று அறிந்திருக்க வேண்டுமா என்னும் இரண்டு கேள்விகளும் தமிழர் சமய வாழ்வில் நெடுங்காலம் ஒரே கேள்வியாகவே கிடந்தன. பிறந்த ஊரிலேயே வாழ்ந்து அதே ஊர்ச் சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்த தலைமுறைகளில் இரண்டாவது கேள்வி தனியாக எழுவதற்கு இடமே இல்லை. தாத்தாவின் பெயர் பேரனுக்கு வைக்கப்பட்டது, பூட்டனின் பெயரைப் பங்காளிகளில் மூத்தவர் ஒருவராவது நினைவில் வைத்திருந்தார், குலதெய்வத்தின் கோயில் மாட்டுவண்டி போகும் தொலைவில் இருந்தது. கடல் கடந்து கூலி வேலைக்குப் போனவர்களின் வழிவந்தோரிடம்தான் இவை இரண்டும் பிரிந்து நிற்கின்றன: கடன் உண்டு என்ற உணர்வு தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கிறது, யாருக்குக் கடன் என்பதுதான் தெரியாமல் போயிற்று. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதித் தமிழரின் நிலை இதற்குத் தெளிவான சான்று. அவர்களிடையே நிகழும் முன்னோர் தேடலைச் சமயக் கேள்வியாக எடுத்துக்கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி, இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்திய 1911 வரையில், நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் இரயில்பாதை வேலைக்குமாக 1,52,184 பேர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள், பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும். ஐந்தாண்டு வேலை செய்வதாகக் கைநாட்டு வைத்துப் போன இவர்களை ஒப்பந்தக் கூலிகள் என்று அக்கால ஆவணங்கள் குறிக்கின்றன. ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றி ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. அந்தக் குடியேற்ற எண் தோட்டத்தோடு நின்றுவிடவில்லை. அவர் செய்துகொண்ட திருமணத்தின் பதிவிலும், அவர் பெற்ற பிள்ளையின் பிறப்புப் பதிவிலும் பெயரோடு ஒட்டிக்கொண்டே வந்தது. இன்று முன்னோரைத் தேடுகிறவர் பழைய பெட்டியில் கிடைக்கும் ஒரு பிறப்புச் சான்றிதழில் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான், ஏனெனில் அது கிடைத்துவிட்டால் கப்பல் பட்டியலின் கதவு திறந்துவிடுகிறது.

கப்பல் பட்டியல் எனப்படும் பதிவேட்டில் ஒருவருக்கு ஒரு வரிதான். எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் காணும் அடையாளம் என்று கட்டங்கள் குறுக்கே வரிசையாகப் போகின்றன. ஓடிப்போன கூலியைப் பிடிப்பதற்காக எழுதி வைக்கப்பட்ட தழும்பும் மச்சமும், மூன்று தலைமுறைக்குப் பின் வரும் பேத்திக்குத் தன் பூட்டனின் மேனியைப் பற்றித் தெரியக்கூடிய ஒரே செய்தியாகிவிடுகின்றன. அந்த ஒரு வரியைக்கூட எளிதாக நம்பிவிட முடியாது. தமிழோ தெலுங்கோ அறியாத எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயர்கள் எந்த வரைபடத்திலும் அகப்படாதவை பல. ஜில்லா என்று எழுதியிருப்பதும் இன்றைய மாவட்டமன்று. நேட்டாலுக்கு மிகுதியாக ஆள் போன பகுதிகளில் ஒன்றான வட ஆர்க்காட்டிலிருந்து சில தாலுகாக்கள் 1911இல் சித்தூரோடு சேர்ந்து இப்போது ஆந்திரத்தில் இருக்கின்றன, எஞ்சியவை பலமுறை பிரிந்து வேலூர், திருவண்ணாமலை, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று ஆகியிருக்கின்றன. ஒற்றைப் பெயரோடு இறங்கியவரின் அந்த ஒரு பெயரே வீட்டுப் பெயராகி, முனுசாமியும் பெருமாளும் குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டதும் உண்டு. நாயுடு, பிள்ளை, கவுண்டர், முதலியார் என்பவை அந்நாட்டு எழுத்துக்கூட்டலில் உருமாறி, கொண்டவரின் பூர்விகத்தைப் பற்றி உறுதியாக எதையும் சொல்லாத அடையாளங்களாக ஆகிவிட்டதும் உண்டு.

இத்தகைய பட்டியல்களை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர்களில் ஒருவரான வரலாற்றாசிரியர் சுரேந்திர பானாவின் நூல் 1991இல் வெளிவந்தது. அதன் பின்னர் பட்டியல்கள் கணினியில் ஏற்றப்பட்டுத் தேடுவது எளிதானபோது, வரலாற்றாசிரியரின் மூலப்பொருளாக இருந்தது குடும்பங்களின் வழிபாட்டுப் பொருளாகவும் மாறத் தொடங்கியது. அந்த வரியை அச்சிட்டுப் பூசையறையில் வைப்பவரும், அதைக் கையில் கொண்டு தமிழ்நாட்டுக்கு வந்து ஊரைத் தேடி அலைபவரும் செய்வது வெறும் தகவல் சேகரிப்பு என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் ஒரு கடனைத் தீர்க்க முயல்கிறார்கள். அது என்ன கடன் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும்.

மனிதன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்ற கருத்து தைத்திரீய சங்கிதையிலேயே காணப்படுகிறது: முனிவர்க்குரிய கடன் கற்பதாலும், தேவர்க்குரிய கடன் வேள்வியாலும், முன்னோர்க்குரிய கடன் பிள்ளைப்பேற்றாலும் தீரும் என்பது அதன் சாரம். அங்கு அந்தணனைக் குறித்தே இது சொல்லப்பட்டாலும், பிற்காலத்தில் எல்லார்க்கும் பொதுவான கருத்தாகப் பரவியது. திருக்குறள், இல்லறத்தான் காக்க வேண்டிய ஐவரைச் சொல்லும்போது தென்புலத்தாரை, அதாவது தென்திசையில் உறைவதாகக் கருதப்பட்ட இறந்தோரை, தெய்வத்துக்கும் முன்னால் வைக்கிறது. நடைமுறையில் இக்கடன் இரண்டு வடிவங்களில் வழங்குகிறது. ஒன்று, எள்ளும் தண்ணீரும் இறைத்துப் பெயர் சொல்லிச் செய்யும் தர்ப்பணமும், பிண்டம் வைக்கும் திவசமும். மற்றொன்று, தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் வழங்கும் படையல்: இறந்தவர் விரும்பி உண்ட பண்டங்களைச் சமைத்துத் தலைவாழை இலையில் வைத்து, புதுத்துணி வைத்து, சூடம் காட்டி, காகத்துக்கு ஒரு பிடி எடுத்து வைத்து, பிறகு வீட்டார் உண்பது. நேட்டால் தமிழர் காத்து வந்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது வடிவத்தையே. புரட்டாசி மாதத்தில் அசைவம் விலக்கி விரதமிருந்து முன்னோருக்குப் படைப்பது அங்கு இன்றும் வேரோடியிருக்கிறது. படையலுக்கு மந்திரமோ கோத்திரமோ தேவையில்லை என்பதால் கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பிலும் அது பிழைத்துக்கொண்டது. ஆயினும் இறந்தவர் எதை விரும்பி உண்டார் என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். படையல் கேட்கும் அறிவு இதுதான், அது இரண்டு தலைமுறைக்கு மேல் நிற்பதில்லை.

தர்ப்பணம் கேட்கும் அறிவோ பெயரைப் பற்றியது. இறந்தவர் மறுபிறவி எடுத்துவிட்டால் இங்கே இடும் பிண்டம் அவரை எப்படிச் சேரும் என்ற கேள்வியை மச்ச புராணம் நேரடியாக எதிர்கொள்கிறது. தேவராகப் பிறந்திருந்தால் அமுதமாகவும், விலங்காகப் பிறந்திருந்தால் புல்லாகவும், அவர் எந்தப் பிறவியில் இருக்கிறாரோ அதற்கேற்ற உணவாகவும் அது போய்ச் சேர்கிறது என்றும், கொண்டுபோய்ச் சேர்ப்பவை பெயரும் கோத்திரமும் மந்திரமும் நம்பிக்கையும் என்றும் அது விடை சொல்கிறது. கோத்திரம் என்பது ஒரு முனிவரின் வழிவந்ததாகக் கொள்ளப்படும் தந்தைவழிக் குலப்பெயர். இந்த விடையை ஏற்றால், கடல் கடந்தவரின் கொள்ளுப்பேரனுக்கு நேரும் இழப்பு உணர்ச்சி சார்ந்தது மட்டுமன்று. பெயர் தொலைந்தால் வழி தொலைந்தது, எவ்வளவு அன்போடு இட்டாலும் அது சேர வேண்டியவரைச் சேராது என்றாகிவிடுகிறது. கப்பல் பட்டியலில் ஒரு பெயரைக் கண்டெடுத்தவரின் கண்ணில் நீர் பெருகுவதற்கு இந்த நம்பிக்கையின் நிழலும் ஒரு காரணம் எனலாம், அவர் அந்தப் புராணத்தைக் கேள்விப்பட்டிராவிட்டாலும்.

இந்தக் கட்டமைப்பையே மறுத்தவர்களும் உண்டு. உலகாயதர் எனப்படும் சார்வாகர், கண்ணால் கண்டதையன்றி எதையும் ஒப்பாதவர்கள், எழுப்பிய வாதத்தை மாதவர் தம் சர்வதரிசன சங்கிரகத்தில் எடுத்துரைக்கிறார்: இங்கே இடும் சோறு இறந்தவரின் பசியைத் தீர்க்குமானால், ஊருக்குப் போகிறவனுக்குக் கட்டுச்சோறு எதற்கு, வீட்டிலேயே அவன் பெயரால் படைத்துவிடலாமே என்பது அது. புலம்பெயர்ந்தோரின் வரலாற்றை எண்ணிப் பார்ப்பவரை இந்த வாதம் அதன் ஆசிரியர்கள் எண்ணியதைவிட ஆழமாகத் தைக்கும். நேட்டாலுக்குப் போன மகன் பட்டினி கிடந்த நாள்களில் வட ஆர்க்காட்டில் இருந்த தாய் எந்தக் கடவுளுக்கு எதைப் படைத்தும் அவன் வயிறு நிறையவில்லை. ஆனால் இவ்வாதம் தொடுவது படையலின் பயனை மட்டுமே. கடனை அது தொடவில்லை. வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் போவதால் வாங்கியதே இல்லையென்று ஆகிவிடாது. தோட்டத்தில் முதுகொடிய உழைத்து, கிடைத்த கூலியில் மிச்சம் பிடித்து, ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கியவர் மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் சுமத்திய 3 பவுண்டு தலைவரியையும் கட்டி, பிள்ளைகளை வளர்த்தவர் தந்தது உண்மையிலேயே பெறப்பட்ட ஒன்று.

சைவ சித்தாந்தம் வேறொரு திசையிலிருந்து நெருக்குகிறது. உயிர் படைக்கப்பட்டதன்று, இறைவனைப் போலவே தொடக்கமில்லாதது என்பது அதன் அடிப்படைக் கொள்கை. உடலும் கருவிகளும் உலகமும் நுகர்ச்சியும் வினைக்கேற்ப இறைவனால் கூட்டப்படுகின்றன. 1937இல் தொடங்கப்பட்ட ஒரு சைவ சித்தாந்த சங்கம் இக்கொள்கையை நேட்டால் தமிழரிடையே பரப்பி வந்திருக்கிறது. இதன்படி பார்த்தால் தந்தையும் தாயும் உயிரைத் தந்தவர்கள் ஆகமாட்டார்கள்; இந்தப் பிறவிக்குரிய உடலுக்கு வாயிலாக நின்றவர்கள். முன்னோரின் நீண்ட வரிசை என்பது உடல்களின் வரிசையே. அப்படியானால் அதைத் தேடிப் போவது, கழற்றிப் போட வேண்டிய பற்றை மேலும் இறுக்கிக்கொள்வது ஆகாதா? இது எளிதில் ஒதுக்கிவிட முடியாத கேள்வி. எனினும் சித்தாந்தம் உடலை இழித்து ஒதுக்கவில்லை. வினை நீங்குவதற்குக் கிடைத்த வாய்ப்பாகவே அதைக் கருதுகிறது. அந்த வாய்ப்பு ஒருவர் கைக்கு வந்து சேர்வதற்காக, இன்னொருவர் சென்னைத் துறைமுகத்தில் ஏறிக் கடலில் வாரக்கணக்கில் வாந்தியும் காய்ச்சலுமாகக் கிடந்தார் என்றால், அவரை நினைப்பது பற்று ஆகாது, நன்றி ஆகும். பற்று தொடங்கும் இடம் வேறு. அதைப் பின்னால் பார்க்கலாம். அதற்கு முன், எத்தனை பேரை நினைக்க வேண்டும் என்ற கணக்கு ஒன்று இருக்கிறது.

ஒருவருக்குப் பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டியர் நால்வர், பூட்டன் பூட்டியர் எண்மர். தர்ப்பணத்தில் தந்தை, பாட்டன், பூட்டன் ஆகிய மூவரும், தாய், தந்தைவழிப் பாட்டி, பூட்டி ஆகிய மூவரும், தாயின் தந்தை, அவர் தந்தை, அவர் பாட்டன் ஆகிய மூவரும் அவர்தம் மனைவியர் மூவருமாகப் பன்னிருவர் பெயர் சொல்லப்படுகின்றனர். நுணுகிப் பார்த்தால், பாட்டிமார் இருவரின் பெற்றோருக்கு இந்தப் பன்னிருவரில் இடமில்லை. எட்டுப் பூட்டன் பூட்டியரில் நால்வர், அதாவது சரிபாதிப் பேர், எந்தப் பெயரும் மறக்காத வைதிகக் குடும்பத்திலும் பெயரின்றியே போகிறார்கள். அவர்கள் கருணையின் பேரில் பொதுவாக நினைக்கப்படும் காருண்ய பிதிரர் கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறார்கள். அத்தை மகளையோ மாமன் மகளையோ மணக்கும் தமிழ் வழக்கத்தால் இருவரின் முன்னோரும் ஒன்றாகி எட்டு என்பது ஆறாகச் சுருங்குவதும் உண்டு என்பது ஒருபுறமிருக்க, சடங்கு கைவிட்ட இந்த நால்வரைக் கப்பல் பட்டியல் கைவிடவில்லை என்பது கவனத்துக்குரியது. கூலியாகக் கணக்கிடப்பட்டதால் பெண்ணுக்கும் தனி எண், தனி வரி. அவளுடைய தந்தையின் பெயர்கூட அதில் எழுதப்பட்டிருக்கிறது. மதிப்பினால் செய்யப்படாத காரியம்தான் அது. இருந்தும், பாட்டியின் தந்தை யார் என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் நிலைத்து வாழ்ந்த குடும்பங்களில் பலவற்றிடம் விடையில்லாத இக்காலத்தில், நேட்டாலின் பேத்தி ஒருத்தியிடம் அதற்கு எழுத்தில் விடை இருக்கிறது.

மூன்று தலைமுறை என்ற இதே எல்லை அரசின் சட்டத்திலும் வந்து நிற்கிறது. வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் என்ற அட்டையை வழங்கும் குடியுரிமைச் சட்டப் பிரிவு, இந்தியக் குடிமகனின் கொள்ளுப்பிள்ளை வரையில் உரிமையை விரிக்கிறது. அதாவது மேல்நோக்கிப் பார்த்தால் பூட்டன் வரையில். சடங்கும் சட்டமும் ஒன்றையொன்று பார்த்து எழுதப்பட்டவை அல்ல. மனித நினைவு இயல்பாகச் சென்று ஓயும் இடத்தில் இரண்டும் கோடு கிழித்திருக்கின்றன. 1860களில் போனவர்களின் வழிவந்த இன்றைய இளையோருக்கு முதலில் கப்பலேறியவர் அந்தக் கோட்டுக்கு அப்பால் இருக்கிறார்.

பெயருக்கு அடுத்ததாக இழக்கப்பட்டது குலதெய்வம். வேதக் கடவுளரையும் பெருந்தெய்வங்களையும் எங்கிருந்தும் வழிபடலாம். குலதெய்வம் அப்படியன்று, அது ஒரு குறிப்பிட்ட ஊரின் குறிப்பிட்ட எல்லையில், ஒரு மரத்தடியிலோ ஏரிக்கரையிலோ இருப்பது, பல வேளைகளில் அந்தக் குலத்திலேயே பிறந்து துன்பப்பட்டு மாண்ட ஒருவர்தான் அங்கே தெய்வமாகியிருப்பார். ஊர் தெரியாதவருக்குக் குலதெய்வம் தெரியாது. தமிழர் இதற்கும் வழி வைத்திருந்தனர். ஊரை விட்டுப் போகிறவர்கள் தாய்க்கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் போய்ப் புதிய இடத்தில் வைத்துக் கோயில் எழுப்புவர். பிடிமண் என்று அதற்குப் பெயர். பஞ்சத்தில் ஊர்விட்டு ஊர் போன குடிகள் பலருடைய கோயில்கள் இப்படித்தான் பெருகின. ஆனால் பிடிமண் எடுப்பதற்குத் திட்டமிட்ட புறப்பாடு வேண்டும், பங்காளிகளின் ஒப்புதல் வேண்டும். ஆள்பிடிக்கும் தரகரின் பேச்சை நம்பி இரவோடிரவாகக் கிளம்பியவரும், சந்தைக்குப் போன இடத்திலிருந்து அப்படியே போனவரும் மண் எடுத்திருக்க முடியாது. எனவே நேட்டாலில் பல குலங்களின் தெய்வங்கள் இருக்க வேண்டிய இடத்தில் எல்லார்க்கும் பொதுவாக மாரியம்மன் அமர்ந்தாள். டர்பனை அடுத்த இஸிபிங்கோ ரயில் மாரியம்மன் கோயிலுக்கு ஈஸ்டர் விடுமுறையில் பெருந்திரளாகக் கூட்டம் கூடுவது, தோட்டக் கூலிக்கு ஓய்வு கிடைத்த நாள்களைச் சுற்றி வழிபாடு தன்னை அமைத்துக்கொண்டதன் விளைவு. யாருடைய குலதெய்வம் என்று கேட்க முடியாத ஒரு தாயிடம் எல்லாரும் வந்து நின்ற அந்த வழிபாடு, குலதெய்வ வழிபாட்டின் குறைப்பட்ட வடிவம் என்று கருத வேண்டியதில்லை. குலம் என்ற வேலி விழுந்த பிறகும் பக்தி நிற்கிறது என்பதற்கு அது சான்று.

கடல் கடந்ததே பாவம் என்ற ஒரு குரலையும் இங்கே நேர்கொள்ள வேண்டியிருக்கிறது. போதாயன தரும சூத்திரம் கடற்பயணத்தைச் சாதியிலிருந்து விழச்செய்யும் குற்றங்களில் ஒன்றாக எண்ணுகிறது. கடலோடிகளாகவும் கடல்வணிகராகவும் வாழ்ந்த தமிழ்ச் சமூகத்தில் அந்த விதி முழுமையாக ஆண்டதில்லை. நேட்டாலுக்குப் போனவரில் பெரும்பாலோருக்கு அந்த நூல் சொல்லும் சாதித் தகுதியும் இல்லை, எனவே இழக்கவும் ஒன்றுமில்லை. இவ்விடத்தில்தான் பட்டியலின் சாதி என்ற கட்டம் தன் உண்மையான கனத்தோடு முன்னால் வருகிறது.

அந்தக் கட்டத்தில் எழுதப்பட்டவை எல்லாம் உண்மையல்ல. சிலருக்குச் சாதிக்குப் பதில் சமயத்தின் பெயர் எழுதப்பட்டது. பறையர் என்ற பெயர் அடிக்கடி வருகிறது. ஆனால் இரண்டு தலைமுறைக்குப் பின் அந்த வழிவந்தோரில் எவரும் அப்பெயரைச் சொல்லிக்கொண்டதாகத் தெரியாமல், பிள்ளை என்றோ நாயுடு என்றோ ஆகியிருக்கலாம். கப்பலில் ஒரே இடத்தில் படுத்து, ஒரே அண்டாச் சோற்றை உண்டு, தோட்டத்தில் ஒரே வரிசைக் குடிசையில் வாழ்ந்தவர்களிடம் ஊரின் படிநிலை அப்படியே நிற்க வழியில்லை. அந்தக் குலைவு பலருக்கு விடுதலையாகவும் இருந்தது. வேண்டுமென்றே வேறு பெயரும் வேறு தந்தை பெயரும் சொல்லித் தப்பித்து வந்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். கொடிய கணவனை விட்டு ஓடியவள், பண்ணையடிமையாகக் கிடக்க மறுத்தவன், சாதி கடந்து மணந்துகொண்டு ஊருக்கு அஞ்சியவர்கள் ஆகியோர் தங்களைக் கண்டுபிடிக்கக் கூடாது என்றுதான் கப்பலேறினார்கள். அவர்கள் மூடிவைத்ததை நூற்றைம்பது ஆண்டு கழித்துப் பேரப்பிள்ளை திறப்பது முன்னோர் வழிபாடா, முன்னோரின் விருப்பத்துக்கு மாறான செயலா? இறந்தவரின் விருப்பத்தைக் கேட்டறிய வழியில்லை. அவர்கள் ஒளித்தது அவமானத்தால் அன்று, அவமதித்த ஒரு சமூகத்திடமிருந்து தப்புவதற்காகவே என்பதை உணர்ந்து தேடுகிறவர் அவர்களுக்கு இரண்டகம் செய்யவில்லை என்றே சொல்ல வேண்டும்; கண்டறிந்ததைக் கொண்டு மீண்டும் சாதியின் படியில் ஏறி நிற்க முயல்கிறவர் அவர்களைப் பிடித்துக்கொண்டுபோய் ஊரில் ஒப்படைக்கிறார்.

பற்று தொடங்குவது இங்கேதான். உயர்ந்த பூர்விகத்தைத் தேடும் ஆசையை இந்தியச் சிந்தனை மிகப் பழங்காலத்திலேயே கேள்விக்குள்ளாக்கியிருக்கிறது. தீக நிகாயத்தின் அம்பட்ட சுத்தத்தில், புத்தரின் குலமான சாக்கியரை இழிவாகப் பேசிய அம்பட்டன் என்ற அந்தண இளைஞனிடம் புத்தர் அவனுடைய வமிசத்தையே தேடிக் காட்டுகிறார்: அவனுடைய குலமுதல்வர் ஒக்காக மன்னனின் அடிமைப்பெண் ஒருத்தியின் மகன். உடனிருந்தவர்கள் அம்பட்டனை எள்ளி ஆரவாரம் செய்யத் தொடங்கியதும் புத்தர் அவர்களைத் தடுத்து, அந்த அடிமை மகன் பின்னர் பெரும் முனிவரானார் என்பதையும் எடுத்துச் சொல்கிறார். வமிசத்தால் பெருமை கொள்வதும் வமிசத்தால் இழிவுபடுத்துவதும் ஒரே பிழையின் இரு கைகள் என்பது அந்நிகழ்ச்சியின் பொருள். மச்சிம நிகாயத்தின் அசலாயன சுத்தத்தில் வரும் கேள்வி இன்னும் கூர்மையானது. தூய பிறப்பைப் பற்றிப் பேசிய ஏழு அந்தண முனிவரிடம் அசித தேவலர் கேட்கிறார்: உங்கள் தாயின் தாய், அவள் தாய் என்று ஏழு தலைமுறைவரை ஒவ்வொருத்தியும் அந்தணனைத் தவிர வேறு எவனையும் சேரவில்லை என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்பதே விடை. மரபணுச் சோதனையும் கப்பல் பட்டியலும் இல்லாத காலத்தில் கேட்கப்பட்ட அக்கேள்வி, அவை இரண்டும் இருக்கும் காலத்திலும் தன் வலிமையில் ஒரு துளியும் இழக்கவில்லை.

வைதிக மரபுக்குள்ளேயே இதற்கு இணையான ஓர் இடம் உண்டு. சாந்தோக்கிய உபநிடதத்தில், கல்வி கற்கப் போகும் சத்தியகாமன் தன் கோத்திரம் எது என்று தாய் ஜபாலையிடம் கேட்கிறான். இளமையில் பல இடங்களில் பணிப்பெண்ணாக அலைந்த காலத்தில் அவனைப் பெற்றதாகவும், அவன் எந்தக் கோத்திரம் என்பது தனக்குத் தெரியாதென்றும், தாயின் பெயரால் சத்தியகாம ஜாபாலன் என்று சொல்லிக்கொள்ளும்படியும் அவள் சொல்கிறாள். அதை அப்படியே ஆசிரியர் ஹாரித்ருமத கௌதமரிடம் ஒப்பிக்கிறான். அவர் அவனை ஏற்றுக்கொள்கிறார். இக்கதையின் முடிவை, உண்மை பேசியவன் அந்தணனாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆசிரியர் கருதியதாக வைத்துப் பிறப்பு வேறுபாட்டுக்கே சான்றாக்கிய உரைகளும் உள்ளன. அவை கதையின் நடுவிலிருக்கும் தாயைப் பார்க்கத் தவறுகின்றன. வேலைக்காக இடம்விட்டு இடம் அலைந்து, அந்த அலைச்சலில் பிள்ளையைப் பெற்று, தனக்குத் தெரிந்ததை மட்டும் கூட்டாமல் குறைக்காமல் அவன் கையில் கொடுத்தவள் அவள். கப்பல் பட்டியலில் தந்தை பெயர் வெற்றிடமாக விடப்பட்ட குழந்தைகளின் தாய்மார்களைப் பற்றி இதற்கு மேல் நேரான ஒரு சொல் நம் நூல்களில் இல்லை.

இனி, பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமலே போகிறவரின் நிலை. பட்டியல் சிதைந்திருக்கலாம், ஒரே பெயரில் ஒரே ஆண்டில் பலர் வந்திருக்கலாம், முன்னோர் ஒப்பந்தத்தில் வராமல் தம் செலவில் வந்த வணிகராக இருந்தால் பட்டியலிலேயே இருக்கமாட்டார். மச்ச புராணம் சொல்வதுபோல் பெயரும் கோத்திரமும்தான் வழி என்றால் இவர்களுக்கு வழியே இல்லை. ஆனால் அதைவிடப் பழமையான சூத்திர நூல்கள், பிண்டம் வைக்கும் முறையைச் சொல்லும் இடத்தில், பெயர் அறியாதவனையும் எண்ணிப் பார்த்து விதி செய்திருக்கின்றன. தந்தையின் பெயர் தெரியாவிட்டால் மண்ணில் உறையும் பிதிரர்க்கு என்றும், பாட்டனின் பெயர் தெரியாவிட்டால் நடுவெளியில் உறையும் பிதிரர்க்கு என்றும், பூட்டனின் பெயர் தெரியாவிட்டால் வானில் உறையும் பிதிரர்க்கு என்றும் சொல்லி வைக்கலாம். கோத்திரம் தெரியாதவர், எல்லா உயிர்க்கும் தந்தையாகச் சொல்லப்படும் காசியபரின் கோத்திரத்தைச் சொல்லலாம் என்ற வழக்கமும் இதனோடு சேர்ந்தது. தந்தையின் பெயரே தெரியாதவன் ஒருவன் பிண்டம் வைக்க வந்து நிற்பான் என்பதை அந்நூலாசிரியர்கள் அறிந்திருந்தார்கள், அவனைத் திருப்பி அனுப்பவில்லை.

பௌத்தம் இதே முடிவுக்கு வேறு தர்க்கத்தால் வருகிறது. அங்குத்தர நிகாயத்தில் ஜாணுஸ்ஸோணி என்ற அந்தணர், இறந்த உறவினருக்கென இடும் தானம் அவர்களைச் சேருமா என்று புத்தரிடம் கேட்கிறார். பேதர் எனப்படும் பசித்த ஆவிகளின் உலகில் பிறந்தவரை மட்டுமே சேரும் என்பது விடை. நினைத்த உறவினர் அங்கே பிறக்கவில்லையென்றால்? அங்கே பிறந்துள்ள வேறு உறவினர் பெறுவர். அப்படியும் ஒருவரும் இல்லையென்றால்? இவ்வளவு நீண்ட பிறவிக் காலத்தில் அந்த உலகம் ஒருவரின் உறவினர் எவருமின்றிக் காலியாக இருப்பது நடவாத காரியம் என்கிறார் புத்தர். முன்னோர் என்ற சொல்லின் எல்லை இங்கே மூன்று தலைமுறையைத் தாண்டி, கணக்கிட முடியாத அளவுக்கு விரிந்துவிடுகிறது. இடுபவர் ஒரு பெயரை நினைத்து இடுகிறார், வாங்குபவர் வேறொருவராக இருக்கிறார், இட்டது வீணாவதில்லை.

அப்படியானால் பெயரைத் தேடுவது தேவையற்றதா என்று கேட்கத் தோன்றும். இட்டது சேர்வதற்குத் தேவையில்லை. எண்ணாக ஆக்கப்பட்ட ஒரு மனிதருக்கு அவருடைய பெயரைத் திருப்பித் தருவதற்குத் தேவை. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, சத்தியாகிரகத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளிவந்து 1914 பிப்ரவரி 22இல் மாண்ட வள்ளியம்மையின் பெயருக்கு முன்னால் தில்லையாடி என்ற ஊர்ப் பெயர் நிலைத்திருக்கிறது. அவள் அங்கே வாழ்ந்தவள் அல்ல, அவளுடைய பெற்றோரின் மண் அது. அவள் பெயரால் இன்று அந்த ஊர் அறியப்படுகிறது. முன்னோரின் ஊர் பிள்ளைக்கு அடையாளம் தருவதே வழக்கம் என்றிருக்க, தூர தேசத்தில் பிறந்த பிள்ளை முன்னோரின் ஊருக்கு அடையாளம் தந்துவிட்ட இந்த நிகழ்ச்சி, கடன் ஒரு திசையில் மட்டும் ஓடுவதில்லை என்பதைக் காட்டுகிறது.

எல்லாருக்கும் வள்ளியம்மைக்குக் கிடைத்தது கிடைக்கவில்லை. நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்ற கணக்கில் ஆளேற்றப்பட்ட கப்பல்களில் வந்த ஆண்களில் பலர் மணமாகாமலும் பிள்ளையின்றியும் தோட்டத்திலேயே இறந்தனர். முன்னோர் கடன் பிள்ளைப்பேற்றால் தீரும் என்ற விதிப்படி அவர்கள் கடன் தீராதவர்கள். அவர்களுக்குக் கடன்பட்டவர் என்று சொல்லிக்கொண்டு வர ஒருவரும் இல்லை. அவர்களுடைய வரியைப் பட்டியலில் யாரும் தேடப்போவதில்லை. தர்ப்பணத்தின் முடிவில், பெயர் சொல்ல வேண்டியவர்கள் எல்லாருக்கும் நீர் இறைத்த பிறகு, மேல்துண்டை நனைத்துப் பிழிந்து விடும் ஒரு சிறு செயல் உண்டு. குலத்தில் பிறந்து மகப்பேறின்றி இறந்தவர்களுக்கு அந்தத் துண்டிலிருந்து வடியும் நீர் உரியது. அதற்கு முன்பே, உறவினராக இருந்தவர், உறவல்லாதவர், வேறு பிறவியில் உறவாக இருந்தவர் ஆகிய எல்லாரும் நிறைவடையட்டும் என்று சொல்லி நீர் விடும் ஓர் இடமும் இருக்கிறது. முதலாவது குலத்தின் எல்லைக்குள் நிற்கிறது, இரண்டாவது அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. தன் பூட்டனின் வரியைக் கண்டெடுத்த நேட்டால் குடும்பம் ஒன்று, புரட்டாசிப் படையலில் அவரோடு அதே கப்பலில் வந்து வாரிசின்றி மாண்டவர்களின் பெயர்களையும் பட்டியலைப் பார்த்துச் சேர்த்துச் சொல்லுமானால், அது புதுமையான சடங்கு ஆகாது. உறவல்லாதவர்க்கும் நீர் விடச் சொன்ன விதி ஏற்கெனவே அதற்கு இடம் வைத்திருக்கிறது.